ஒரே சாவி, எத்தனை கையில்?

பாஸ்வேர்டைப் போனில் சேமித்து வைக்கலாமா? தாம்பரத்தில் நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. வைக்கலாம் என்பதே என் கட்சி. பேத்தி பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்து, எல்லாக் கணக்குக்கும் அதையே போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒன்று. குரோமில் கூகுள் கணக்கோடு சேமித்த பாஸ்வேர்ட், அதே கணக்கு திறந்திருக்கும் மற்ற போன், லேப்டாப்புக்கும் போய்ச் சேரும். பேரனுக்குக் கொடுத்த பழைய போனும் இதில் அடக்கம். பென்ஷன் கணக்கின் சாவி அங்கேயும் தொங்கும். கைமாறும் போனை முழுதாக அழித்துவிட்டுக் கொடுங்கள். கூகுள் கணக்கில் எந்தெந்தச் சாதனங்கள் இருக்கின்றன என்று பார்த்து, வேண்டாதவற்றை வெளியேற்றுங்கள். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர் 'சேமிக்கவா?' என்று கேட்டால், வேண்டாம் என்றே அழுத்துங்கள்.

தனிப் பெட்டகம் வேண்டுமென்றால் நம் கூடுவாஞ்சேரிப் பக்கத்து ஜோஹோவின் 'வால்ட்' இருக்கிறது. எந்தப் பெட்டகமானாலும் அதைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்ட் பலமாக இருக்கவேண்டும். 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களே திருடுபோயின. உள்ளே இருந்த பாஸ்வேர்டுகளுக்குக் காவலாக மிஞ்சியது அது ஒன்றுதான். அதை நீளமாக வைத்து, தாளில் எழுதி, பீரோவில் பூட்டுங்கள். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடனுக்கு நம் பீரோ எட்டாது.

மீறிப் பணம் போனால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நடுவழியில் நிறுத்த வழியுண்டு.