உழைத்தது பிள்ளை, உண்டது யார்?

சாப்ளினின் ‘தி கிட்’ படத்தில், 1921-ல், கந்தலுடுத்தி உலகையே கலங்கவைத்தான் சிறுவன் ஜாக்கி கூகன். குவிந்தன இலட்சோப இலட்சம் டாலர்கள்! வயது வந்ததும் கேட்டார். தாயும் மாற்றாந்தந்தையும் கை விரித்தனர். 1938-ல் வழக்குமன்றம் ஏறினார், கிடைத்ததோ சொற்பம்!

வீழ்ந்தாரா? இல்லை! குணச்சித்திர வேடங்களில் உழைத்து, 1964-ல் ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ தொலைக்காட்சித் தொடரின் மொட்டைத்தலை ஃபெஸ்டர் மாமாவாக மீண்டும் புகழ் பெற்றார்.

அவர் வழக்கின் விளைவாக 1939-ல் கலிபோர்னியா சட்டம் செய்தது. ஆனால், நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தங்களுக்கே அது பொருந்துமாம்! அந்த ஓட்டையை 2000-ல்தான் அடைத்தனர். குழந்தை நடிகர் எவராயினும், ஊதியத்தில் 15 சதவிகிதம் அவருக்கென ஒதுக்கப்பட வேண்டும்.

தோழர்களே! ஓட்டைச் சட்டம் பெற்றதும் ஓய்ந்துவிடலாகாது. உழைத்த கை சிறிதாயினும், கூலி அந்தக் கைக்கே உரியது என்போம் நாம்!