பெட்டி முதலில், பாம்பு பிறகு

பாம்பு வளர்க்கலாமா கூடாதா என்று இங்கே வாதாடப் போவதில்லை. அந்தச் சண்டை எங்கள் குடும்பத்தில் ஆறு மாதம் நடந்து, என் மனைவி தோற்று, பேரன் ஜெயித்து, முடிந்துவிட்டது. பன்னிரண்டு வயதுப் பையன், பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகர் அடுக்குமாடியில் இருக்கிறான். புதுவைக் குடும்பங்களில் பாதிப்பேருக்கு அங்கே ஒரு மகளோ மகனோ இருப்பார்கள், எனக்கு மகள். என் சண்டை வேறு. பாம்பையும் அதன் பெட்டியையும் ஒரே நாளில், ஒரே பில்லில் விற்கிறார்களே, அந்த வழக்கத்தோடுதான் என் சண்டை.

பாம்பு இன்னதென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தது. விஷம் கிடையாது. ஆரஞ்சும் சிவப்புமாகத் திட்டுகள். எலி தின்னும், மரம் ஏறும், பறவைக் கூட்டிலும் கைவைக்கும். நம் சாரைப் பாம்புக்கு ஒருவிதத்தில் பங்காளி. அமெரிக்கர்கள் 'கார்ன் ஸ்நேக்' என்கிறார்கள். சோளக் களஞ்சியத்தில் எலி தேடி வந்ததால் அந்தப் பெயர் என்பார்கள் சிலர், வயிற்றுப் பக்கத்துக் கட்டங்கள் சோளக்கதிர் மாதிரி இருப்பதால் என்பார்கள் வேறு சிலர். பிரெஞ்சில் அதுவே 'செர்ப்பான் தே பிளே', அதாவது கோதுமைப் பாம்பு! அட்லாண்டிக்கைத் தாண்டுவதற்குள் சோளம் கோதுமையாகிவிட்டது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஒரு தனி சந்தோஷம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை கடைக்குப் போய்விட்டு வந்து போனில் சொன்னார்: "மாமா, புதுசா வளர்க்கிறவங்களுக்கு ஏத்த பாம்பாம். ஒரு செட் இருக்கு, பெட்டி, விளக்கு, கிண்ணம் எல்லாம் சேர்த்து. பையன் பிறந்தநாள் அன்னிக்கே கொண்டுவந்து வச்சிடலாம்."

'புதுசா வளர்க்கிறவங்களுக்கு ஏத்தது.' இந்த வாக்கியத்தை விற்பவர்கள் சொல்லும்போது ஒரு பாதியை விழுங்கிவிடுகிறார்கள். சாதுவான பாம்பு, சரியாகச் சாப்பிடும், கடிக்கிற குணம் குறைவு, எல்லாம் உண்மை. விழுங்கிய பாதி என்னவென்றால், அது தப்புகளைத் தாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் கிடக்கும் என்பது. நாய்க்குக் குளிர்ந்தால் ஊளையிடும், பூனைக்குப் பிடிக்காவிட்டால் பிறாண்டும். பாம்பு என்ன செய்யும்? தின்ற எலியை ஒருநாள் கக்கும். அதற்குள் சில வாரம் போயிருக்கும். புகார் எழுதத் தெரியாத மனுதாரரைப் பார்த்து 'இவருக்கு ஒரு குறையும் இல்லை' என்று கோப்பில் குறிப்பெழுதி மூடுவது போலத்தான் இது. முப்பத்தேழு வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்.

பெட்டியின் அளவில்தான் பெரிய பொய். கடைக்காரர் காட்டிய செட் அறுபது சென்டிமீட்டர் நீளம். வளர்ந்த சோளப் பாம்பு தொண்ணூறிலிருந்து நூற்றைம்பது சென்டிமீட்டர் வரை போகும். பதினைந்து, இருபது வருடம் இருக்கும். அப்படியானால் அது தன் ஆயுளில் ஒருநாளும் உடம்பை நேராக நீட்டாது என்று முடிவுகட்டித்தானே அந்தப் பெட்டியை விற்கிறார்கள்?

"பாம்பு சுருண்டுதான் கிடக்கும், இடம் எதற்கு?" என்பது அவர்கள் பதில். பகலில் சுருண்டுதான் கிடக்கும். அது நடமாடுவது அந்தி, இரவு, விடியற்காலையில். கடை சாத்தியபின் அது என்ன செய்கிறதென்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே இனப் பாம்பை வைத்துச் செய்த ஆய்வுகள் 2021இல் வந்திருக்கின்றன. பெரிய பெட்டியில் விட்ட பாம்புகள் கூடுதலாக நடமாடின. வெறும் பெட்டி, ஒளிய ஏற பொருட்கள் உள்ள பெட்டி இரண்டையும் கொடுத்தால் பொருட்கள் உள்ளதையே நாடின. இதற்கு ஆய்வு வேண்டுமா என்று என் மனைவி கேட்டாள். வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் பேச்சுத்தான் சட்டமாகும்.

அடுத்த பதில்: "குட்டிப் பாம்பைப் பெரிய பெட்டியில் விட்டால் பயந்து சாப்பிடாது." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. குட்டி பயப்படுவது இடம் பெரிதாக இருப்பதற்கல்ல, மறைவு இல்லாததற்கு. காய்ந்த இலை, மரப்பட்டை, கார்க் குழல், பிளாஸ்டிக் செடி என்று தரை தெரியாமல் அடைத்துப் பாருங்கள், உள்ளே போன குட்டியைத் தேடுவதுதான் நமக்கு வேலையாகும். நான் கேட்டது நூற்றிருபது நீளம், அறுபது அகலம், அறுபது உயரம். ஏறும் பிராணி என்பதால் உயரமும் கணக்கில் உண்டு.

சூடு விஷயம்தான் எனக்கு ஆத்திரம் வரவழைத்தது. அந்தச் செட்டில் வெப்பப் பாய் இருந்தது, தெர்மோஸ்டாட் இல்லை! பாம்புக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. பெட்டியின் ஒரு கோடி முப்பது டிகிரி அளவில் இருக்க வேண்டும், மறுகோடி இருபத்திரண்டு, இருபத்துநான்கு. இரண்டுக்கும் நடுவே அது நகர்ந்து நகர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். தின்றது செரிக்கவே அந்தச் சூடு வேண்டும். கட்டுப்பாடில்லாத பாய் நாற்பதைத் தாண்டும். பாம்பு உடனே விலகிவிடும் என்று நினைக்காதீர்கள், அதன்மேலேயே படுத்து வயிறு வெந்துபோன பாம்புகள் ஊர்வன மருத்துவர்களிடம் வருவது வழக்கமான சங்கதி என்று பிரெஞ்சில் படித்தேன். விளக்கை உள்ளே வைத்தால் அதற்குக் கம்பிக்கூடு போட வேண்டும், அதைச் சுற்றிக்கொண்டும் வேகும். தெர்மோஸ்டாட்டின் உணர்முனை பாம்பு படுக்கும் இடத்தில் இருக்க வேண்டும், ஏதோ மூலைக் காற்றில் தொங்கக் கூடாது.

ஒளிவிடம் இரண்டு. செட்டில் ஒன்று இருந்தது, அதுவும் சூடான பக்கத்தில். ஒன்று போதாதா என்றார் மாப்பிள்ளை. ஒன்றுதான் இருந்தால், உடம்பு குளிர்ச்சி கேட்கும்போதும் பயத்தில் சூட்டிலேயே கிடக்கும். பத்திரமா, சுகமா என்று ஒரு ஜீவனைத் தேர்வு செய்ய வைப்பது வளர்ப்பு ஆகுமா? ஒளிவிடம் உடம்பை ஒட்டினாற்போல் இறுக்கமாக இருக்க வேண்டும், அரண்மனை வேண்டாம். தரைக்கு ஆஸ்பென் மரச்சீவல், தேவதாருச் சீவல் ஆகாது, அதன் எண்ணெய் வாசம் கெடுதல். உடம்பு முழுக்க முங்கும் அளவுக்கு ஒரு தண்ணீர்க் கிண்ணம். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது சட்டம். பிரான்சில் 2015 முதல் சிவில் சட்டத் தொகுப்பே விலங்கை 'உணர்வுள்ள உயிர்' என்கிறது. 2021 நவம்பர் 30 அன்று வந்த சட்டத்தின்படி, அங்கே முதல் தடவை நாயோ பூனையோ முயலோ வாங்குகிறவர், அதன் தேவைகள் தெரியும் என்று உறுதிச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டு ஏழு நாள் கழித்துத்தான் பிராணி கைக்கு வரும். அருமையான விதி. நம் அரசாங்கத்தில் எஸ்டிமேட்டுக்கும் சாங்ஷனுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி போல, ஆளை யோசிக்க வைக்கும் இடைவெளி. ஆனால் பாம்புக்கு இந்த ஏழு நாள் கிடையாது. அதற்கும் தகவல் தாள் உண்டு, பாம்போடு சேர்ந்தே கையில் வரும். வீட்டுக்குப் போய்ப் படித்து, பெட்டி போதாது என்று தெரிந்துகொண்டு, பாம்பை எங்கே வைப்பது? முயலுக்கு ஏழு நாள் யோசிக்கச் சொல்லும் தேசம், இருபது வருடம் கண்ணாடிக்குள் இருக்கப்போகிற ஒன்றுக்கு ஏழு நிமிடம் கொடுக்கிறது.

ஓர் அலுவலகத்தில் பெரிய ஜெராக்ஸ் மிஷின் வந்து இறங்கியது. வைக்க அறை இல்லை, அதன் பளுவுக்கு மின் இணைப்பும் இல்லை. இரண்டு மழைக்காலம் வராந்தாவில் மரப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. மிஷினாக இருந்ததால் சாகவில்லை.

இங்கிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு வில்லியனூர்ப் பக்கம் வயலில் பிடித்த சாரைக்கு யாரும் கண்ணாடிப் பெட்டி செய்யக் கிளம்ப வேண்டாம். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வயலுக்கு அந்தப் பாம்பு வேண்டும்.

"வெளிநாட்டில் பேரன் பாம்புக்கு இவ்வளவு கட்டுரையா?" என்று என் பழைய சகா ஒருவர் கேலி செய்தார். செலவைப் பார்த்துத்தான் மகளும் முகம் சுளித்தாள். பாம்பைவிடப் பெட்டி பல மடங்கு விலை. அந்த வித்தியாசத்தைப் பாம்பு தலையில் கட்டக் கூடாது என்றுதான் நான் மன்றாடியது. பாதிப் பணம் நான் அனுப்பினேன்.

பிறந்தநாள் அன்று பையனுக்குக் கிடைத்தது காலிப் பெட்டி. முதல் நாள் அழுதான். இப்போது காலையும் இரவும் இரண்டு கோடியின் வெப்பத்தைக் குறித்து வாட்சப்பில் அனுப்புகிறான், நான் ஒரு பழைய லெட்ஜரில் பதிகிறேன். சூடான பக்கம் முதல் மூன்று நாள் முப்பத்தைந்தைத் தொட்டது, உணர்முனையை நகர்த்தியபின் இறங்கிவிட்டது. பாம்பு உள்ளே இருந்திருந்தால் அந்த மூன்று நாளை அதுதான் அனுபவித்திருக்கும். இன்று பதினோராம் நாள். சறுக்குக் கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே பென்சில் நுழையும் இடைவெளி இருக்கிறது, குட்டிக்கு அது போதும். அதற்கு ஆப்புப் பூட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். பூட்டு வரட்டும்.