அப்பாவின் கைப்பேசிக்குச் செல்லும் என் மருத்துவ ரசீது

சென்ற ஆண்டு இரண்டாம் பருவத்தின்போது, பல்கலைக்கழக ஆலோசகர் என்னிடம் ஒரு பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்தார். உண்ணும் கோளாறுகளுக்குச் சிகிச்சை அளிக்கும் தனியார் உளவியல் நிபுணர் அவர். “காப்புறுதி இருக்கிறதா?” என்று ஆலோசகர் கேட்டார்.

இருந்தது. அப்பாவின் நிறுவனம் ஊழியர் குடும்பங்களுக்கும் சேர்த்து எடுத்திருக்கும் காப்புறுதி. ஆனால் பணத்தைத் திரும்பப் பெற, அப்பாதான் தம் செயலி வழியாக ரசீதை அனுப்ப வேண்டும். எந்த மருந்தகம், எந்தத் தேதி, என்ன சிகிச்சை என எல்லாம் அவர் கைப்பேசியில் இருக்கும். “இல்லை” என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பொய்யின் விலை ஒரு சந்திப்புக்கு 180 வெள்ளி. துணைப்பாடம் சொல்லிக்கொடுத்து மணிக்கு 30 வெள்ளி சம்பாதித்தேன். ஒரு மணி நேரம் என் நோயைப் பற்றிப் பேச, ஆறு மணி நேரம் பிறர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டும். மூன்று முறை சென்றேன். நான்காவது முறைக்குப் பணம் இல்லை. “இப்போது பரவாயில்லை” என்று மின்னஞ்சல் அனுப்பி நிறுத்திக்கொண்டேன். உண்மையில் அப்போதுதான் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது.

என் பெற்றோர் கொடுமைக்காரர்கள் அல்லர். பிறகு ஏன் மறைத்தேன்? நம் வீடுகளில் அன்பு சாப்பாடாகத்தான் பரிமாறப்படுகிறது. “சாப்டியா?” என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. தீபாவளிக்கு வரும் அத்தை வாசலிலேயே, “என்னடி இப்படி இளைச்சுட்ட?” என்பார், அடுத்த ஆண்டு, “கொஞ்சம் பூசின மாதிரி இருக்கியே” என்பார். இப்படிப்பட்ட வீட்டில் ‘உணவே எனக்கு நோயாகிவிட்டது’ என்று சொன்னால், அம்மாவின் சமையலையும் வளர்ப்பையும் குறை சொல்வதுபோல் ஆகிவிடும் என்று பயந்தேன்.

இது வீம்பும் இல்லை, அழகு மோகமும் இல்லை. மனநோய்களில் உயிரிழப்பு அபாயம் மிக அதிகமுள்ளவற்றுள் ‘அனோரெக்சியா’வும் ஒன்று. ‘புலிமியா’ உள்ளவர் வெளிப்பார்வைக்குச் சாதாரண எடையில் இருக்கலாம். ஆனால் உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே சீர்கெடக்கூடும். ஆண்களுக்கும் இது வரும். எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. தயங்கி நிற்கும் ஒவ்வொரு மாதமும் நோய்க்குத்தான் சாதகம்.

தயக்கத்தை வளர்ப்பதில் நம் கட்டண முறைக்கும் பங்கு இருக்கிறது. ‘மெடிஷீல்டு லைஃப்’ பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் பெரிய சிகிச்சைகளுக்கானது. வாராவாரம் சென்றுவரும் ஆலோசனைக்கு உதவாது. பெற்றோரின் மெடிசேவ் கணக்கைப் பயன்படுத்த அவர்களின் ஒப்புதல் வேண்டும். எஞ்சியிருப்பது நிறுவனக் காப்புறுதி. அது நேராக அப்பாவிடம் போகிறது. 18 வயதில் நாம் சொந்தப் பெயரில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம், வாகன உரிமம் எடுக்கலாம். இளையர்கள் தேசிய சேவைக்கே செல்கிறார்கள். ஆனால் நம் மருத்துவ ரசீது மட்டும் இன்னும் பள்ளி மாணவனின் மதிப்பெண் அட்டைபோல் வீட்டுக்குப் போகிறது.

“காப்புறுதி அவர்களுடையது, அவர்களுக்குத் தெரியக் கூடாதா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உயிருக்கு ஆபத்து என்றால் குடும்பத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பதின்ம வயதினரின் அனோரெக்சியாவுக்குப் பெற்றோரையே சிகிச்சையில் பங்காளிகளாக்கும் முறை நல்ல பலன் தருவதாக ஆய்வுகளும் காட்டுகின்றன. குடும்பம் எதிரி அல்ல, மருந்தின் ஒரு பகுதி.

ஆனால் குடும்பத்துக்கு அது எப்படித் தெரியவருகிறது என்பது முக்கியம். நான் தயாராகி, ஆலோசகரின் துணையோடு உட்கார்ந்து சொல்வது ஒன்று. அலுவலகக் கூட்டத்தின் நடுவே அப்பாவின் கைப்பேசியில் ஓர் அறிவிப்பு வந்து விழுவது வேறொன்று. அந்த அறிவிப்புக்குப் பயந்தே பலர் மருத்துவர் வீட்டுப் படியை மிதிப்பதில்லை. அப்படியானால் பெற்றோருக்கும் தெரிவதில்லை, சிகிச்சையும் நடப்பதில்லை. யாருக்கு லாபம்?

என் கோரிக்கை சிறியது. 18 வயதைத் தாண்டியவர், குடும்பக் காப்புறுதியில் இருந்தாலும், தம் ரசீதைத் தாமே அனுப்ப வழி வேண்டும். பெற்றோருக்குச் செலவான தொகை தெரியட்டும். என்ன சிகிச்சை என்ற விவரம் சிகிச்சை பெறுபவருக்கு மட்டும் போகட்டும். சந்திப்புக்கு முன்பே, ‘இந்த விவரத்தை யார் யார் பார்ப்பார்கள்’ என்று மருந்தகங்களும் பல்கலைக்கழகங்களும் தெளிவாகச் சொல்லட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. காப்புறுதியைத் தொடாமலேயே உதவி பெறலாம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் பெற்றுச் சென்றால், அரசாங்க மருத்துவமனைகளில் மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கலாம். சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் உண்ணும் கோளாறுகளுக்கெனத் தனிச் சிகிச்சைத் திட்டமே இருக்கிறது. மனநலக் கழகத்தின் ‘சேட்’ சேவை, 16 முதல் 30 வயதுக்குட்பட்டோரின் மனநலத்தை இலவசமாகவும் இரகசியமாகவும் மதிப்பிடுகிறது. நள்ளிரவில் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால், 1767 என்ற எண்ணில் எந்நேரமும் ஒருவர் இருப்பார்.

தேர்வு முடிந்ததும் நான் பலதுறை மருந்தகத்துக்குத்தான் போனேன். நிபுணரைப் பார்க்கத் தொடங்கி இரண்டு மாதம் கழித்து, அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளோடு அம்மாவிடம் பேசினேன். அம்மா அழுதார். “என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். அன்றிரவு என் தட்டில் அளவுக்கு மீறி எதையும் வைக்கவில்லை. தம் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்பாவுக்கு அம்மாதான் சொன்னார். மறுவாரம் மருத்துவமனை வாசலில் காரை நிறுத்திவிட்டு, “எத்தனை மணிக்கு வரட்டும்?” என்று மட்டும் அப்பா கேட்டார்.

இன்னும் முழுமையாகக் குணமாகவில்லை. ஆனால் இப்போது அப்பாவுக்குத் தெரியும். நானே சொல்ல விட்டதால்தான் அது சாத்தியமானது.