சொல்லுக்கு எல்லை எது?

வெலிமடை மாணவர் ஒருவர், ஊவாவைப் பற்றிய கட்டுரைத் தொகுதியிலே ‘மலை’ என்னும் முழுச்சொல்லைக் கணினி வாயிலாகத் தேடுகின்றார் எனக் கொள்வோம். பைத்தான் மொழியோடு வரும் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ கருவியில் சொல்லெல்லைக் குறியை இருபுறமும் இடுகின்றார். விளைவு யாது? தனித்து நிற்கும் ‘மலை’ அகப்படாது. ‘மலையகம்’ என்பதனுள் இருக்கும் ‘மலை’யோ அகப்படும்!

எழுத்தும் எழுத்தல்லாததும் கூடுமிடமே அக்கருவிக்கு எல்லை. யூனிக்கோடு ஐகாரக் குறியை எழுத்தென்னாது, எழுத்தைச் சார்ந்த குறியென வகுத்துள்ளது. ஆதலின் ஐகாரக் குறியும் அடுத்துள்ள வெற்றிடமும் கருவிக்கு ஓரினமே. அங்கே எல்லை தோன்றுவதில்லை. ‘ய’ வந்தால் தோன்றுகின்றது.

முன்னும் பின்னும் தமிழ் எழுத்தோ குறியோ வரலாகாது என நாமே விதித்துவிட்டால் இப்பிழை தீரும். கணினி தரும் எண்ணிக்கையைக் கொண்டு முடிபு எழுதுமுன், சில பக்கங்களையேனும் கண்ணாற் படித்து ஒப்பிடுதல் மாணவர் கடனாகும்.