முதலில் வருவது எல்லாம் முதல் தரமா?

ஒரு காலத்தில் மனை வாங்க வேண்டும் என்றால், அந்த ஊருக்கே போவார்கள். டீக்கடையில் உட்காருவார்கள். "இந்தப் பக்கம் மனை ஏதாவது விலைக்கு வருகிறதா?" என்று கேட்பார்கள். கடைக்காரர் தரகரைக் காட்டுவார். தரகர் மனையைக் காட்டுவார்.

இப்பொழுது அந்த அலைச்சல் இல்லை. கையில் செல்போன் இருக்கிறது. "தாம்பரத்தில் மனை" என்று எழுதினால் போதும். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு பெரிய பட்டியல் வந்து நிற்கிறது!

பட்டியலில் முதலில் வருகிறவர்தான் நாணயமானவர், அவரிடம்தான் நல்ல மனை இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள்.

அது சரியா?

இல்லை. இல்லவே இல்லை!

எந்திரம் பார்ப்பது என்ன?

கூகுள் என்பது ஒரு தேடும் எந்திரம். 1998-ம் ஆண்டில் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு மாணவர்கள் அமெரிக்காவில் அதைத் தொடங்கினார்கள்.

இந்த எந்திரம் இரவு பகலாக இணையதளங்களைப் படிக்கிறது. எந்தப் பக்கத்தில் என்ன எழுதி இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்கிறது. நாம் கேட்கும்போது, நம் கேள்விக்குப் பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது.

அது படிப்பது எழுத்தைத்தான். மனையில் இறங்கி நடந்து பார்ப்பது இல்லை! தாய்ப் பத்திரத்தைப் புரட்டிப் பார்ப்பது இல்லை. பங்காளிச் சண்டை உண்டா என்று விசாரிப்பதும் இல்லை.

அது மட்டும் அல்ல. பட்டியலின் உச்சியில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் "ஸ்பான்சர்டு" என்று சிறிய எழுத்தில் போட்டு இருக்கும். பணம் கட்டிப் போட்ட விளம்பரம் என்று அதற்கு அர்த்தம். பத்திரிகையில் வரும் வரி விளம்பரம் மாதிரிதான் அதுவும்.

அதற்குக் கீழே வரும் பட்டியலில் பணம் கட்டி இடம் வாங்க முடியாது. ஆனால் அங்கேயும் தந்திரக்காரர்கள் நுழைகிறார்கள்.

மனை இருப்பது ஓர் ஊரில். எழுதுவதோ ஐம்பது ஊர்களின் பெயரை! சிலர் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில் எழுதுவது போல, மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் எந்திரத்துக்கு மட்டும் தெரியும்படி எழுதுவார்கள். இன்னும் சிலர், "இது நல்ல தளம்" என்று பிற தளங்கள் கைகாட்டுவது போலக் காசு கொடுத்து ஏற்பாடு செய்வார்கள்.

சரக்கு இல்லாத பக்கங்களைக் கீழே தள்ள கூகுள் 2011-ம் ஆண்டில் நடவடிக்கை எடுத்தது. விலைக்கு வாங்கிய சிபாரிசுகளுக்கு எதிராக 2012-ல் நடவடிக்கை எடுத்தது. ஆனாலும் தந்திரம் அடியோடு ஒழிந்துவிடவில்லை.

நல்லவர் ஏன் பின்னால்?

இதனால் நஷ்டம் அடைகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர், மனை வாங்குகிறவர். இன்னொருவர், நாணயமாக வியாபாரம் செய்யும் சிறிய மனை வியாபாரி.

அவருடைய மனை நல்ல மனை. பத்திரம் சுத்தம். விலையும் நியாயம். ஆனால் அவருடைய இணையதளம் யார் கண்ணிலும் படுவது இல்லை.

ஏன்? தளத்தைத் திறந்து பார்த்தால் தெரியும். "கனவு இல்லம்", "சொர்க்க பூமி" என்று எழுதி இருக்கிறார். ஊர் பெயரைக் காணோம்! விலையைக் காணோம்! மற்ற விவரம் எல்லாம் ஒரு நோட்டீசுப் படத்துக்குள் அடைந்து கிடக்கிறது.

"சொர்க்க பூமி" என்று யாராவது தேடுவார்களா?

ஜனங்கள் எந்த வார்த்தையில் கேட்கிறார்களோ, அந்த வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும். சென்னையில் "அரை கிரவுண்டு" என்பார்கள். மதுரையிலும் கோவையிலும் "மூன்று சென்ட்" என்பார்கள். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஒரு சென்ட் ஏறக்குறைய 436 சதுர அடி. இரண்டு கணக்கையும் எழுதினால் இருவருக்கும் புரியும்.

தமிழில் "பிளாட்" என்று எழுதினால் மனையா, அடுக்குமாடி வீடா என்று மனிதருக்கே குழப்பம் வருகிறது. எந்திரத்துக்கு வராதா? மனையை மனை என்றே எழுதலாமே!

கிராமத்தின் பெயர், தாலுகா, அளவு, விலை, அனுமதி எண், ரயில் நிலையத்துக்கு எத்தனை கிலோ மீட்டர் தூரம் ஆகிய எல்லாவற்றையும் எழுத்தில் தர வேண்டும். ஒவ்வொரு மனைப் பிரிவுக்கும் தனிப் பக்கம் வேண்டும். விற்றுப்போன மனையை உடனே எடுத்துவிட வேண்டும். பக்கம் செல்போனில் சட்டென்று திறக்க வேண்டும். கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரைப் பதிவு செய்யக் காசு கேட்பது இல்லை. அதையும் செய்துகொள்ளலாம்.

"உங்களை முதல் இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறேன். இவ்வளவு பணம் கொடுங்கள்" என்று சிலர் வருவார்கள். ஜாக்கிரதை! முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

சட்டம் இருக்கிறது

வாங்குகிறவருக்குக் கைவிளக்காக ஒரு சட்டம் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்தான் அது. பொதுவாக 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை பிரித்தாலும், 8 வீடுகளுக்கு மேல் கட்டினாலும், முதலில் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகுதான் விளம்பரமே செய்யலாம். விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். இணையதள விளம்பரமும் விளம்பரம்தான்!

பதிவு செய்யாமல் விற்றால், திட்டச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம் உண்டு. பொய் விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டால், நஷ்டஈடு கேட்கவும் உரிமை உண்டு.

ஆகவே, இணையதளத்தைப் பார்த்ததும் முதலில் பதிவு எண்ணைத் தேடுங்கள். அந்த எண்ணைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஆணையத்தின் தளத்தில் சரிபாருங்கள். வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் தளத்திலும், பட்டாவை அரசின் நில ஆவணத் தளத்திலும் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். தாய்ப் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பிள்ளைகள் செல்போனைப் பார்க்கத் தெரிந்தவர்கள். அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

மனை வாங்கும் பணம் எப்படிச் சேர்ந்த பணம்? தாலிக்கொடியை அடகு வைத்த பணம். தந்தை ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம். மகன் வெளிநாட்டில் வெயிலில் நின்று அனுப்பிய பணம். பட்டியலில் முதலில் வந்தார் என்பதற்காக அதை ஒருவர் கையில் கொடுத்துவிடலாமா?

விற்கிறவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: எந்திரத்தை ஏமாற்ற நினைக்காதீர்கள். உண்மையை விவரமாக எழுதுங்கள். தேடுகிறவர் உங்களைத் தேடி வருவார்.

வாங்குகிறவர்களுக்குச் சொல்வது இது: தேடும் எந்திரம் வழி காட்டும். வழி காட்டுகிறவர் ஜாமீன் நிற்கிறவர் அல்ல!

செல்போனில் தேடுங்கள். நேரில் நடந்து பாருங்கள். பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். அதன் பிறகு பணப் பெட்டியைத் திறங்கள்!