பழைய டி.வி-யை உடைத்துச் செம்பு எடுக்கலாமா?

''எங்கள் வீட்டுப் பரணில் அரசு கொடுத்த பழைய டி.வி, மகளின் இலவச லேப்டாப், இரண்டு செல்போன்கள் கிடக்கின்றன. தொழுவத்து ஓரத்தில் ஓர் இன்வெர்ட்டர் பேட்டரியும் இருக்கிறது. பழைய இரும்புக்கடையில் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். நாமே உடைத்து, ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுத்தால் கூடுதல் காசு கிடைக்கும் என்கிறார்கள். செய்யலாமா?''

- ஒரு வாசகி, உசிலம்பட்டி.

செய்யவே கூடாது. செம்பில் கிடைக்கும் காசைவிட, தொழுவத்துக்கும் தோட்டத்துக்கும் வரும் நஷ்டம் பெரிது.

முதலில் பேட்டரியை அங்கிருந்து அப்புறப்படுத்துங்கள். உடைந்த பேட்டரியை மாடு, கன்றுகள் நக்கும். உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். ஈய நஞ்சு ஏறிய மாடு பல்லை நறநறவெனக் கடிக்கும்; கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டி நிற்கும்; வலிப்பு வந்து இறந்தும் போகும். இந்த அறிகுறிகள் தெரிந்தால், உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அந்த மாட்டின் பாலையும் பயன்படுத்தக் கூடாது. புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கடையில் கொடுத்தால், விலையில் கழித்துக்கொள்வார்கள்.

அடுத்து டி.வி. 2006-ம் ஆண்டு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கொடுத்தவை, படக்குழாய் வைத்த 14 அங்குலப் பெட்டிகள். குழாயின் பின்பக்கக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உள்ளே வெற்றிடம் என்பதால், சுத்தியலால் அடித்தால் கண்ணாடி தெறித்துக் கண்ணைப் பதம்பார்க்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். மண்ணில் சேரும் ஈயம் எருவைப்போல மட்காது. கீரை, கிழங்கு வழியாக வீட்டுக்குள் வந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பி.வி.சி ஒயரைக் கொளுத்தினால் வரும் டையாக்ஸின் நச்சு, புல்லில் படிந்து பாலின் கொழுப்பில் சேரும்.

டி.வி ஓடுகிறது என்றால், செட்டாப் பாக்ஸை ஏ.வி ஒயரில் இணைத்து இன்னும் பார்க்கலாம்.

லேப்டாப்பில் பெரும்பாலும் போவது பேட்டரியும் ஹார்டு டிஸ்க்கும்தான். பேட்டரி இல்லாமலேயே சார்ஜரில் ஓடும் மாடல்கள் உண்டு. மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் உள்ள பழுது பார்க்கும் கடைகளில் காட்டி, எஸ்.எஸ்.டி மாற்றினால் எவ்வளவு ஆகும் என்று விசாரியுங்கள். பால் கணக்கு, வரவு செலவு எழுதவும், பிள்ளைகள் படிக்கவும் அதுவே போதும்.

ஸ்மார்ட்போன் இயங்கினால், வீட்டில் இருப்பவர்களுக்குக் கொடுங்கள். 'உழவன்' செயலியில் மானியத் திட்டங்கள், சந்தை விலை, வானிலை பார்க்கலாம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள். தீப்பிடிக்கும்.

இனி எதற்கும் ஆகாது என்பவற்றை உடைக்காமல் முழுதாகவே கொடுக்க வேண்டும். 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, மறுசுழற்சிக்கான பொறுப்பு தயாரிப்பு நிறுவனங்களுடையது. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களின் விவரத்தை மதுரையில் உள்ள மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்கலாம். ஒரு வீட்டுச் சாமானுக்காக அலைவது கட்டுப்படியாகாது. மகளிர் குழு மூலம் ஊரில் உள்ளவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பது நல்லது. செல்போன், லேப்டாப்பைக் கொடுக்கும் முன், ஆதார், வங்கி விவரங்களை அழித்துவிடுங்கள்.