அறிவுரை போதும், சட்டத்தைச் சொல்லுங்கள்

கணவனிடம் அடிபட்டு, 'இனியும் இவனோடு வாழத்தான் வேண்டுமா' என்ற கேள்வியோடு காவல் நிலையப் படியேறும் பெண்ணுக்கு இந்த நீலகிரி மலையில் முதலில் கிடைப்பது அறிவுரை. "புள்ளைங்க மொகத்தப் பாத்து அனுசரிச்சுப் போம்மா" என்பார்கள். இனி அடிக்க மாட்டேன் என்று அவன் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பான். மேல் நடவடிக்கை வேண்டாம் என்று அவள் இன்னொரு தாளில் எழுதிக் கொடுப்பாள். மனு அன்றைக்கே முடிந்துவிடும், அடி முடியாது. சமரசம் என்ற பெயரில் நடக்கும் இந்தத் தள்ளிவிடலை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இது அதிகாரிகளின் விருப்பு வெறுப்புக்கு விட்ட விஷயம் அல்ல. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, புகார் பெறும் போலீஸ்காரர், பாதுகாப்பு அலுவலர், நடுவர் ஆகியோர் அந்தப் பெண்ணிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது: பாதுகாப்பு உத்தரவும் ஜீவனாம்சமும் கேட்டு மனுப் போடலாம், பாதுகாப்பு அலுவலரின் உதவி உண்டு, இலவச சட்ட உதவி உண்டு, கொடுமைக்குக் குற்ற வழக்கும் தொடரலாம். சொல்லலாம் என்றல்ல, சொல்ல வேண்டும் என்றே சட்டம் பேசுகிறது. 'அனுசரித்துப் போ' என்ற வாசகம் அந்தப் பிரிவில் எங்கும் இல்லை.

இலவச சட்ட உதவி ஏழைகளுக்கு மட்டும்தான் என்ற தப்பெண்ணத்தையும் யாரும் திருத்துவதில்லை. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது. கொழுந்து பறிப்பவரும் வங்கி அதிகாரியும் ஒரே தகுதியோடு வழக்குரைஞர் கேட்கலாம். 15100 என்ற எண்ணை அழைத்தாலே போதும். அந்த எண்ணை இந்த மாவட்டத்தில் எத்தனை எஸ்டேட் மஸ்டர் கொட்டகைகளில், எத்தனை ரேஷன் கடைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு பதில் சொல்லட்டும்.

வழிகாட்டுதல் இல்லாத இடத்தில் பயம் ஆட்சி செய்கிறது. லயன் வீட்டில் இருப்பவளிடம், "வீடு எஸ்டேட்டுது, எம் பேருக்குக் குடுத்தது, கோர்ட்டுக்குப் போனா நீ ரோட்டுலதான்" என்று கணவன் மிரட்டுகிறான். வீடு யார் பெயரில் இருந்தாலும், கணவனோடு சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து மனைவியைச் சட்டப்படியல்லாமல் வெளியேற்ற முடியாது என்கிறது குடும்ப வன்முறைச் சட்டம். வீடு கணவனுக்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. அங்கே இருக்கவே முடியாத நிலை என்றால், அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடு, அல்லது வாடகை கொடு என்று நடுவர் கணவனுக்கு உத்தரவிடலாம். இது தெரிந்தால் அந்த மிரட்டல் பாதி செத்துவிடும்.

இன்னொரு கேடு, விடுதலைப் பத்திரம். முத்திரைத்தாளில் நாலு வரி எழுதி, நோட்டரி சீல் வைத்து, 'எனக்கு ஜீவனாம்சம் வேண்டாம், நகை நட்டு எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வரும் திருமணம், நிரூபிக்கத்தக்க சமூக வழக்கம் இருந்தாலொழிய, இப்படி ஒரு தாளில் முடிவதில்லை. இருவரும் சம்மதித்தாலும் 13-பி பிரிவின்படி நீதிமன்றம் போக வேண்டும். பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தவள் பிறகு வழக்கில் மாட்டுகிறாள். கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் தனித்தனிச் சட்டங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினருக்கு இந்து திருமணச் சட்டமே பொருந்தாது. அவரவர் வழக்கமே சட்டம். ஆனால் குடும்ப வன்முறைச் சட்டமும் ஜீவனாம்சப் பிரிவும் அவர்களுக்கும் உண்டு. இத்தனை வேறுபாட்டையும் ஒரு பணியப் பெண் தானாகவே கண்டுபிடிக்க வேண்டுமா?

தூரமும் சேர்ந்து தண்டிக்கிறது. கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு வாய்தாவுக்கு வந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். அப்படி வந்து சேரும் இடமாவது ஒழுங்காக இருந்ததா? 2022இல் திறந்த ஊட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் பெண் வழக்குரைஞர்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை என்ற புகார், 2023இல் உச்ச நீதிமன்றம் வரை போய், உயர் நீதிமன்றத்திடம் அறிக்கை கேட்கும் நிலை வந்தது. கறுப்பு கவுன் போட்டவர்களுக்கே அந்தக் கதி என்றால், குழந்தையோடு வந்து தாழ்வாரத்தில் காத்திருப்பவளை யார் நினைத்திருப்பார்கள்? பாதுகாப்பு மனுவைத் தான் வசிக்கும் பகுதி நடுவரிடமே கொடுக்கலாம் என்பதையும், திருப்பூரில் வாக்கப்பட்டுத் தாய்வீடு திரும்பியவள் இந்து திருமணச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தான் இருக்கும் ஊர் எல்லையிலேயே விவாகரத்து மனுப் போடலாம் என்பதையும் முதல் நாளே சொல்லியிருந்தால் பல அலைச்சல்கள் மிச்சமாகியிருக்கும்.

"குடும்பத்தைப் பிரிக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பவர்களுக்கு: இல்லை. விவாகரத்து கேட்காமலேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். கூடவே இருந்துகொண்டும் வாங்கலாம். விவாகரத்து இல்லாமல் ஜீவனாம்சம் கேட்கலாம். விவாகரத்து இல்லாமல் நீதிமன்ற உத்தரவோடு பிரிந்து வாழும் இடைவழியும் உண்டு. சமரசத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது நீதிமன்றத்தின் மேற்பார்வையில், அவள் உரிமை அவளுக்குத் தெரிந்த பிறகு நடக்க வேண்டியது. ரைட்டர் மேசையில் பத்து நிமிடத்தில் முடிப்பது அல்ல. நாலும் தெரிந்த பிறகு சேர்ந்து வாழ்வதா, பிரிவதா என்று அவள் முடிவெடுக்கட்டும். அந்த முடிவு நமக்கும் இல்லை, நிலையத்துக்கும் இல்லை, ஊர்ப் பெரியவர்களுக்கும் இல்லை.

எனவே நாம் கேட்பது இவை. காவல் நிலையத்தில் எழுதி வாங்கும் எந்தச் சமரசத் தாளும், 5ஆம் பிரிவின் விவரங்கள் அவளுக்குச் சொல்லப்பட்டன என்ற பதிவு இல்லாமல் ஏற்கப்படக் கூடாது. மனு ரசீது கையில் கொடுக்கப்பட வேண்டும். தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை ஆறு வாரத்தில் நியமிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் உத்தரவிட்டது. நீலகிரியில் எந்தத் தாலுகாவுக்கு யார், அலுவலகம் எங்கே என்று மாவட்ட நிர்வாகம் பெயரோடு அறிவிக்க வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழு ஊட்டியில் உட்கார்ந்திருக்காமல் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குந்தா பகுதிகளுக்கு மாதம் ஒரு நாளாவது போக வேண்டும், அதுவும் எஸ்டேட் விடுமுறை நாளில். பெண் வழக்குரைஞர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். பழங்குடிப் பெண்ணிடம் அவள் மொழியில் பேச ஆள் வேண்டும். முதல் சந்திப்பிலேயே ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி சீட்டு, கணவனின் சம்பளச் சீட்டு, கல்யாணப் பதிவு என என்னென்ன பத்திரப்படுத்த வேண்டும் என்று தமிழில் அச்சிட்ட தாள் அவள் கைக்குப் போக வேண்டும். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்வதை நீதிமன்றங்கள் வாய்தா போடும்போது நினைவில் வைக்க வேண்டும்.

இதில் எதற்கும் புதுச் சட்டமோ சட்டமன்றத் தீர்மானமோ தேவையில்லை. எல்லாம் ஏற்கெனவே எழுதி, சம்பளமும் கொடுத்து, ஆளும் வைத்துச் செய்யச் சொன்ன வேலை. அதைச் செய்யாமல் ஒரு பெண்ணை அடிக்கிறவன் வீட்டுக்கே திருப்பி அனுப்பும் அதிகாரி, அடுத்து அவள் உடம்பில் விழும் அடிக்கும் பொறுப்பாளி. திருத்திக்கொள்ளுங்கள்.